சாண் நீளத்தில் போர்க்காலக் கப்பல்கள்

2014-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட நினைவு நாணயங்களுள் ஒரு 5 ரூபாய் நாணயம், ஜப்பானியச் சரக்குக் கப்பல் ஒன்றின் பெயரைத் தாங்கியது. கோமகாட்டா மாரு நிகழ்வின் நூற்றாண்டை ஒட்டி அது வெளிவந்தது. அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் அதைக் கையில் வாங்கிய பலர் பெயரைக்கூடப் படிக்காமல் செலவழித்திருப்பர். வைத்திருப்போர் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். கொல்கத்தா நகரத்திற்கும் ஜப்பானிய வணிகக் கப்பல்களுக்கும் இடையே இருந்த நீண்ட உறவில் அந்தக் கப்பல் ஓர் அத்தியாயம் மட்டுமே.

அந்த உறவைக் கண்முன் நிறுத்த ஒரு வழி உண்டு. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் பல்லாண்டுகளாக வேரூன்றிய பொழுதுபோக்கு அது: போர்க்காலத்து ஜப்பானிய வணிகக் கப்பல்களின் சிற்றுருக்களைச் சேகரிப்பது, சேகரித்தவற்றை வெட்டியும் ஒட்டியும் வண்ணம் மாற்றியும் வேறொரு காலத்துக் கப்பலாக ஆக்குவது. போர்க்கப்பல் மாதிரிகளை விரும்பாதவர் இல்லை. பீரங்கியும் கோபுரமும் பார்த்தவுடன் கவரும். சரக்குக் கப்பலின் அழகு அப்படிச் சட்டென்று பிடிபடுவதில்லை. ஆயினும் இதில் இறங்கியவர்கள் எளிதில் வெளியேறுவதில்லை. போர்க்கப்பல் பிறக்கும்போதே போர்க்கப்பல். வணிகக் கப்பலோ இன்று பயணியரை ஏற்றும், நாளை படைவீரரை ஏற்றும், மறுநாள் கைதிகளை ஏற்றும். உடல் ஒன்றே, வாழ்க்கை மட்டும் பலவாகிவிடும்.

முதலில் பெயரைச் சொல்லிவிடலாம். ஜப்பானிய வணிகக் கப்பல்களின் பெயர் ஏறக்குறைய எப்போதும் ‘மாரு’ என்றே முடியும். வட்டம், முழுமை என்ற பொருள்கள் அச்சொல்லுக்கு உண்டு. கப்பலுக்கு அது ஏன் வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன, எதுவும் இறுதியானதன்று. நாம் ஒரு பெயரில் ‘மாரு’ என்று கண்டால் அது வணிகக் கப்பல் என்று அறிந்துகொள்ள அதுவே போதும்.

சிற்றுருக்களின் அளவு மூன்று நான்கு வகைப்படும். ஜப்பானில் பரவலானது 700-இல் 1 பங்கு. 1971-இல் ஷிஸுவோக்கா பகுதியைச் சேர்ந்த தமியா, அவோஷிமா, ஹசேகவா, ஃபுஜிமி ஆகிய நான்கு நிறுவனங்களும் கப்பல்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, ஒரே அளவில் ஒரு தொடரைத் தொடங்கின. நீர்மட்டத்திற்கு மேலே தெரியும் பகுதியை மட்டும் செய்வது அத்தொடரின் வழக்கம். மேசைமேல் வைத்தால் மேசையே கடலாகிவிடும். ஜெர்மனியில் 1250-இல் 1 பங்கு அளவில் உலோகத்தில் வார்த்த சிற்றுருக்களைச் சேகரிக்கும் மரபு, இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தொடங்கியது. போரின்போது அதே அளவை ஒட்டிய சிற்றுருக்களைக் கடற்படைகள் பயிற்சிக்குப் பயன்படுத்தின. தொலைவில் தெரியும் நிழலுருவை வைத்து, இது எந்தக் கப்பல் என்று மாலுமிகளும் விமானிகளும் அடையாளம் காணவேண்டியிருந்தது. அமெரிக்கக் கடற்படை ஜப்பானிய வணிகக் கப்பல்களுக்கென்றே தனியொரு கையேட்டை வெளியிட்டது. புகைபோக்கி எங்கே, கொடிமரங்கள் எத்தனை, பளுதூக்கும் தூண்கள் எவ்விடத்தில் என்ற வரிசையே கப்பலின் முகவரி. ஒரு கப்பலைக் கண்டுபிடித்து மூழ்கடிப்பதற்காக எழுதப்பட்ட குறிப்புகள், இன்று அதே கப்பலைப் பிழையின்றிச் செய்ய விரும்புவோருக்கு வழிகாட்டியாக உள்ளன. விந்தைதான்.

இந்தக் கலையில் எல்லாவற்றுக்கும் முன்னர் முடிவு செய்யவேண்டியது நாள். எந்தக் கப்பல் என்று சொன்னால் போதாது; எந்த ஆண்டின் எந்த மாதத்துக் கப்பல் என்றும் சொல்லவேண்டும். யோகோஹாமா நகரத்தின் யமஷிதா பூங்கா அருகே இன்றும் நிற்கும் ஹிகாவா மாரு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1930-இல் பசிபிக் பெருங்கடலின் பயணிகள் கப்பலாக அது பிறந்தது. 1932-இல் சார்லி சாப்ளின் அதில் பயணம் செய்தார். போரின்போது மருத்துவமனைக் கப்பலாகி, வெண்ணிற உடலும் செஞ்சிலுவைக் குறியும் பூண்டது. போர் முடிந்தபின் நாடு திரும்பியோரை ஏற்றி வந்தது. 1961 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஜப்பானின் பெரிய பயணிகள் கப்பல்களுள் போரைத் தாண்டிப் பிழைத்தவை மிகச் சிலவே; அவற்றுள் இது ஒன்று. பெட்டியில் வரும் உறுப்புகள் ஏறக்குறைய ஒன்றே. கறுப்பு உடலா வெள்ளை உடலா, புகைபோக்கியில் நிறுவனத்தின் சிவப்புப் பட்டைகளா சிலுவைக் குறியா என்பதை நாள்தான் தீர்மானிக்கும்.

நாளைத் தெரிந்தெடுப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பானிய நிறுவனங்கள் பழைய பெயர்களைப் புதிய கப்பல்களுக்கு மீண்டும் மீண்டும் சூட்டின. ஹிகாவா மாருவின் உடன்பிறப்பான ஹெய்யான் மாரு 1944 பிப்ரவரியில் ட்ரூக் தீவுகளில் மூழ்கியது. அதற்கு முன்னரே வேறொரு ஹெய்யான் மாரு இருந்தது. அது வேறெதுவுமன்று, நம் நாணயத்தின் கோமகாட்டா மாருதான் பிற்காலத்தில் அப்பெயர் பெற்றது.

கோமகாட்டா மாரு ஜப்பானில் கட்டப்பட்ட கப்பலே அன்று. 1890-இல் கிளாஸ்கோவில் ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டபோது அதன் பெயர் ஸ்டூபன்ஹுக். பிறகு சிசிலியா ஆயிற்று. 1913-இல் ஜப்பானியர் வாங்கிக் கோமகாட்டா மாரு என்று பெயரிட்டனர். 1924-இல் ஹெய்யான் மாரு. 1926-இல் ஹொக்கைடோ கரையில் மோதிச் சிதைந்தது. நான்கு பெயர்கள், இரண்டு கொடிகள், ஓர் உடல். ஏறத்தாழ 100 மீட்டர் நீளம். 700-இல் 1 பங்காகச் செய்தால் 14 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும்.

1914 ஏப்ரல் 4 அன்று ஹாங்காங்கிலிருந்து புறப்பட்ட அக்கப்பலில் வழியில் ஏறியவர்களையும் சேர்த்து 376 பேர் கனடாவுக்குச் சென்றனர். பெரும்பாலோர் பஞ்சாபியச் சீக்கியர். வாடகைக்கு அமர்த்தியவர் குர்தித் சிங். பிறந்த நாட்டிலிருந்து இடைநிற்காமல் நேரே வந்திருக்கவேண்டும் என்ற விதியைக் காட்டி வான்கூவரில் அவர்களை இறங்கவிடவில்லை. இரண்டு மாதம் துறைமுகத்தில் நின்றபின், ஜூலை 23 அன்று சிலரைத் தவிர ஏனையோருடன் கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. அது திரும்பிக்கொண்டிருந்தபோதே முதல் உலகப் போர் வெடித்தது. ஜப்பானும் பிரிட்டனின் பக்கம் சேர்ந்தது. அமைதிக்காலத்தில் புறப்பட்ட கப்பல், கொல்கத்தாவை அடைந்தபோது போர்க்காலக் கப்பலாகிவிட்டது. செப்டம்பர் 29 அன்று நகரத்திற்குத் தெற்கே ஹூக்ளிக் கரையிலுள்ள பட்ஜ் பட்ஜில் பயணியரை இறக்கி, தனி ரயிலில் பஞ்சாபுக்கு அனுப்ப அரசு முயன்றது. அவர்கள் மறுத்து, கிரந்த சாகிப்பைச் சுமந்துகொண்டு கொல்கத்தாவை நோக்கி நடந்தனர். திருப்பிக் கொண்டுவரப்பட்டபின் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஏறத்தாழ 20 பேர் இறந்தனர். அவ்விடத்தில் எழுப்பிய நினைவுச் சின்னத்தை 1952-இல் நேரு திறந்துவைத்தார். அங்குள்ள ரயில் நிலையமும் இன்று கோமகாட்டா மாருவின் பெயரைத் தாங்குகிறது.

இக்கப்பலைச் செய்ய முனைவோர், கடைப்பெட்டியை எதிர்பார்க்காமல் பிளாஸ்டிக் தகட்டிலிருந்தே உடலை வெட்டியெடுக்க ஆயத்தமாக இருப்பது நல்லது. வான்கூவரில் எடுத்த புகைப்படங்கள் நிறைய உள்ளன, அவையே வரைபடம். அவற்றில் ஒரு செய்தியைக் கவனிக்கவேண்டும். கப்பலின் விளிம்பு முழுவதும் மனிதர்கள். மேல்தளத்தில் வெறுமையான இடமே இல்லை. ஆள் இல்லாத கோமகாட்டா மாருவைச் செய்துவைத்தால் அது சிசிலியாவாகத்தான் இருக்கும்.

அடுத்த இரண்டு கப்பல்களும் அதே போரைச் சேர்ந்தவை. 1915 மே 12 அன்று சனுகி மாரு என்ற ஜப்பானியக் கப்பல் கொல்கத்தாவிலிருந்து புறப்பட்டது. அதில் பி.என். தாகூர் என்ற பெயரில் ஒருவர் பயணம் செய்தார். கவியரசர் ரவீந்திரநாதரின் உறவினர் என்றும், அவரது ஜப்பான் வருகைக்கு முன்னேற்பாடு செய்யச் செல்பவர் என்றும் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் ராஷ் பிஹாரி போஸ். ஹார்டிங் பிரபு மீது குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்டவர். ஜூன் 5 அன்று கோபேயில் இறங்கினார். பின்னர் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. மறு ஆண்டு, 1916 மே 3 அன்று, உண்மையான தாகூரே தோசா மாரு என்ற ஜப்பானியக் கப்பலில் கொல்கத்தாவிலிருந்து புறப்பட்டார். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் வழியாகச் சென்ற அந்தப் பயணத்தில் வங்கக் கடலின் புயலையும் கண்டார். அவ்வனுபவமே அவருடைய ஜப்பான் பயண நூலுக்குத் தொடக்கம்.

கொல்கத்தா அலமாரியின் முதல் தட்டில் இம்மூன்றையும் நிறுத்தலாம். திருப்பியனுப்பப்பட்டோர் ஒன்றில், தப்பிச் சென்றவர் ஒன்றில், அழைக்கப்பட்டுச் சென்றவர் ஒன்றில். இரண்டு ஆண்டுக்குள், ஒரே ஆற்றில். இங்கும் பெயர்க் குழப்பத்துக்கு இடமுண்டு. 1939-இல் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் கடல் விமானங்களைச் சுமந்த சனுகி மாரு வேறு கப்பல். கடையில் பெயரைப் பார்த்து மட்டும் பெட்டியை வாங்கிவிடக் கூடாது.

இரண்டாம் தட்டுக்கு உரிய கப்பல் வங்காளத்துக்கு நண்பனாக வரவில்லை. ஒசாகாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒசாகா ஷோசென் நிறுவனம் ஹோகோகு மாரு, ஐகோகு மாரு, கோகோகு மாரு என்று மூன்று விரைவுக் கப்பல்களைக் கட்டியது. பயணியரும் சரக்கும் செல்லும் அழகிய கப்பல்கள். ஒவ்வொன்றும் 10,400 டன் அளவின. ஹோகோகு மாரு 1940-இல் முடிந்தது. 1941 ஆகஸ்டிலேயே கடற்படை அதை எடுத்துக்கொண்டது. ஐகோகு மாருவுக்கு வணிக வாழ்க்கை என்று சொல்ல எதுவுமே வாய்க்கவில்லை. அது முடிந்ததும் எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டிலும் பெரிய பீரங்கிகள், டார்பிடோக் குழாய்கள், கடல் விமானங்கள் பொருத்தப்பட்டன. 1942-இல் அவை இந்தியப் பெருங்கடலில் வேட்டையாடின. மே மாதம் கெனோட்டா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலைப் பிடித்தன. ஜூலையில், ஃப்ரீமான்டிலிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ஹவுராக்கி என்ற நியூசிலாந்துக் கப்பலைப் பிடித்தன. பிடிபட்ட ஹவுராக்கி பின்னர் ஹோக்கி மாரு என்ற பெயரில் ஜப்பானியருக்கு உழைத்தது. சிற்றுருக் கலைஞர் செய்வதை வரலாறே முழு அளவில் செய்துகாட்டியது போலும்.

அந்த ஆண்டு ஏப்ரலில் வங்காள விரிகுடா முழுவதும் அச்சம் பரவியிருந்தது. ஜப்பானியப் போர்க்கப்பல்கள் சில நாட்களில் 20-க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தன. கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது. சென்னை நகரத்தில் வீடுகளைப் பூட்டிவிட்டு மக்கள் உள்நாட்டுக்குப் புறப்பட்டனர். நம் வீடுகளில் மூத்தோர் ‘எவாக்குவேஷன்’ என்று சொல்லிவந்த காலம் அதுவே.

இந்நிலையில்தான் பெங்கால் வந்தது. இந்தியக் கடற்படைக்காக ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்ட நான்கு சிறு கண்ணிவாரிக் கப்பல்களுக்குப் பெங்கால், பம்பாய், மெட்ராஸ், பஞ்சாப் என்று பெயர். 1942 நவம்பர் 11 அன்று பெங்கால், ஒன்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக ஃப்ரீமான்டிலிலிருந்து டியகோ கார்சியாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே ஹோகோகு மாருவும் ஐகோகு மாருவும் எதிர்ப்பட்டன. பெங்காலிடம் சொல்லத்தக்கதாக இருந்தது ஒரே ஒரு 3 அங்குல பீரங்கி. அதன் தலைவர் ஒன்டினாவைத் தப்பிச் செல்லுமாறு பணித்துவிட்டு, எதிரியை நோக்கியே கப்பலைச் செலுத்தினார். ஒன்டினாவும் தன் ஒற்றைப் பீரங்கியால் சுட்டது. சற்று நேரத்தில் ஹோகோகு மாரு தீப்பிடித்து, வெடித்து மூழ்கியது. எந்தக் கப்பலின் குண்டு அதை வீழ்த்தியது என்பதில் இருவருமே உரிமை கோரினர். ஐகோகு மாரு ஒன்டினாவைத் தாக்கியது. அதன் தலைவர் உயிரிழந்தார். மாலுமிகள் கப்பலைக் கைவிட்டு, படகுகளில் இருந்தபோதும் சுடப்பட்டனர். எதிரி அகன்றபின் எஞ்சியோர் திரும்பி ஏறி, தீயை அணைத்து, ஒரு வாரத்தில் ஃப்ரீமான்டிலை அடைந்தனர். பெங்காலும் சேதத்தோடு தப்பியது. சுதந்திரத்திற்குப் பின்னும் அது இந்தியக் கடற்படையில் பணியாற்றியது.

இதைப் படிக்கும்போது கிடைக்காத ஒன்று, இரண்டு சிற்றுருக்களையும் அருகருகே வைக்கும்போது கிடைக்கிறது. 700-இல் 1 பங்கில் ஹோகோகு மாரு 23 சென்டிமீட்டர், ஒரு சாண். பெங்கால் 8 சென்டிமீட்டர். சுண்டுவிரலை விடச் சற்றே நீளம். அதுபோல் இரண்டு சாண்களுக்கு எதிரே ஒரு சுண்டுவிரல். கப்பலைத் திருப்பி எதிரியை நோக்கிச் செலுத்திய அந்த முடிவின் எடை, எண்களைவிட இந்த மேசையில் நன்கு விளங்கும்.

ஹோகோகு மாருவின் 700 பங்குப் பெட்டியை அவோஷிமா வெளியிட்டிருக்கிறது. அது போர்க்கோலத்துக்கு உரியது. 1940-ஆம் ஆண்டின் பயணிகள் கப்பலாக அதை மாற்ற விரும்பினால் வேலை பின்னோக்கி நடக்கும். பீரங்கி மேடைகளை அறுத்தெடுத்து, அவ்விடத்தைப் பசைமாவால் நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்யவேண்டும். சரக்கறை மூடிகளையும் பளுதூக்கிக் கைகளையும் மீண்டும் அமைக்கவேண்டும். புகைபோக்கியில் சாம்பல் நிறத்தை நீக்கி, கறுப்புப் பின்னணியில் ‘பெரிய’ என்று பொருள்படும் நிறுவனத்தின் வெண்ணிற எழுத்தை இடவேண்டும். மேல்தளம் மரப்பலகை நிறத்தில் இருக்கவேண்டும். போர்க்கப்பல் செய்து பழகியோர் இதில்தான் அடிக்கடி வழுக்குவர்.

கம்பிகளுக்கு ஒரு பழைய உத்தி உண்டு. உறுப்புகளைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி, மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடர் படாமல் காட்டவேண்டும். இளகி வளைந்தவுடன் இரு கையாலும் சீராக இழுத்தால் தலைமுடியினும் மெல்லிய இழை கிடைக்கும். வேகமாக இழுத்தால் மெலிது. மெதுவாக இழுத்தால் தடிப்பு. கைப்பிடிக் கம்பிகளுக்கும் ஏணிகளுக்கும் அரித்தெடுத்த பித்தளைத் தகடுகள் கடையில் கிடைக்கும். ஆனால் முதல் கப்பலுக்கே அவற்றை வாங்குவது வீண் செலவு என்பது என் எண்ணம். இடுக்கி, கூரிய கத்தி, மெல்லிய தூரிகை, ஒட்டுப்பசை ஆகியவற்றோடு ஓர் ஆண்டு பழகலாம்.

கொல்கத்தாவுக்கு என்று ஒரு எச்சரிக்கை. ஆனி முதல் புரட்டாசி வரையான ஈரக்காற்றில் விரைந்துலரும் வண்ணத்தைத் தெளித்தால், மேற்பரப்பு வெளுத்துப் பூத்துவிடும். உலர்வதற்குள் காற்றின் ஈரம் வண்ணத்தில் படிவதே காரணம். சென்னையின் ஐப்பசிக்கும் இது பொருந்தும். மழை மாதங்களில் வெட்டுவேலை, குளிர்மாதங்களில் வண்ணவேலை என்று ஆண்டைப் பிரித்துக்கொள்வது நல்லது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை வைத்து, அவ்வப்போது மாற்றவேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். வெளிநாட்டுக் கடையில் காட்டும் விலை முழு விலை அன்று. அஞ்சல் கட்டணம், சுங்க வரி, அட்டையில் செலுத்தும்போது வரும் நாணய மாற்றுக் கட்டணம் யாவும் சேரும்; பெரிய பெட்டிக்கு அஞ்சல் கட்டணமே பொருளின் விலையை எட்டிவிடலாம். தனித்தனியே வாங்காமல் இரண்டு மூன்றைச் சேர்த்து வாங்குவோர் மிச்சம் பிடிப்பர். செய்து முடித்த சிற்றுரு செலவழித்த தொகையைத் திருப்பித் தருவது அரிது. எனவே இதை முதலீடு என்று நினைத்து இறங்கவேண்டாம். மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அதற்குள்ளேயே நடத்துவது வீட்டின் அமைதிக்கும் நல்லது. சேகரம் பெருகிவிட்டால் புகைப்படத்தோடு பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் காப்பீட்டுக்கும் உதவும். எது எந்தக் கப்பல் என்று பிள்ளைகளுக்கும் தெரியும்.

அழகையும் செலவையும் தாண்டி இக்கலையில் ஒரு கனம் உண்டு. அலமாரியில் நிற்கும் இக்கப்பல்களில் பெரும்பாலானவை இன்று கடலடியில் கிடக்கின்றன. ஐகோகு மாரு 1944 பிப்ரவரி 17 அன்று ட்ரூக்கில் வெடித்துச் சிதறியது. ஜப்பான் போரைத் தொடங்கியபோது அதனிடம் ஏறத்தாழ 60 லட்சம் டன் வணிகக் கப்பல்கள் இருந்தன. போரின் நடுவே கட்டியவற்றையும் சேர்த்து 80 லட்சம் டன்னுக்கு மேல் இழந்தது. இழப்பை ஈடுசெய்ய அவசர அவசரமாகக் கட்டிய கப்பல்களில் வளைவுகள் குறைந்தன. இயந்திரம் பின்பகுதிக்குப் போயிற்று. இரட்டை அடித்தளம்கூடக் கைவிடப்பட்டது. அவற்றின் சிற்றுருக்களை 1930-களின் கப்பல்களுக்கு அருகே வைத்தால், ஒரு நாடு மூச்சுத் திணறியது கோடுகளிலேயே தெரியும். இறந்த ஜப்பானிய வணிக மாலுமிகள் 60,000 பேர். விகிதத்தில் பார்த்தால், தரைப்படை, கடற்படை வீரர்களைவிட அதிகம். அவர்களுக்காகக் கோபே நகரத்தில் மாலுமிகள் சங்கத்தின் அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. மூழ்கிய கப்பல்களின் புகைப்படங்கள் அங்கே சுவர் முழுவதும்.

அவர்களோடு நம்மவரும் இறந்தனர். 1943 ஜனவரி 26 அன்று நியூகினிக்கு வடக்கே, வாஹூ என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் புயோ மாரு என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அதிலிருந்த 1,126 பேரில், சிங்கப்பூரில் பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிகள் பலர். இறந்தோருள் ஜப்பானியர் 87 பேர், இந்தியர் 195 பேர். நீர்மூழ்கியின் கண்ணாடியில் தெரிந்தது ஒரு ஜப்பானியப் படைக்கப்பல் மட்டுமே. நிழலுரு சரியாகத்தான் இருந்தது. சரக்கறைக்குள் யார் என்று எந்தக் கையேடும் சொல்லவில்லை. புயோ மாருவைச் செய்யும் ஒருவர், அடியிலுள்ள பலகையில் கப்பல் பெயரோடு இந்த எண்ணையும் எழுதுவது முறை.

கொல்கத்தாவில் பிரின்செப் படித்துறைக்கு அருகே லஸ்கர் நினைவுச் சின்னம் நிற்கிறது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை செய்து இறந்த வங்காள, அசாம் மாலுமிகள் 896 பேருக்காக 1924-இல் எழுப்பியது. நான்கு பக்கமும் பழங்காலக் கப்பலின் முன்பகுதி போன்ற அமைப்பு நீண்டிருக்கும். ஆற்றங்கரைக்குச் செல்வோர் படித்துறையில் படம் எடுத்துக்கொண்டு இதைக் கடந்துவிடுகின்றனர்.

ஜப்பானியக் கப்பல்கள் வந்ததால் மட்டுமன்று, வரும் என்ற அச்சத்தாலும் வங்காளம் அழிந்தது. 1942-இல், எதிரி கரையிறங்கினால் பயன்படுத்திக்கொள்வான் என்று, கடலோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளை அரசு பறித்தது. பதிவான 66,000-க்கும் மேற்பட்ட படகுகளில் ஏறத்தாழ 46,000 உடைக்கப்பட்டன, அல்லது பயனற்றவையாயின. ஆறுகளே சாலைகளாக இருந்த நாட்டில் நெல் நகரவில்லை. மீனவர் கடலுக்குப் போகவில்லை. குயவர் பானையைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவில்லை. மறு ஆண்டின் பெரும் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இதுவும் ஒன்று. ஜப்பானியர் கடைசிவரை வங்காளக் கரையில் இறங்கவே இல்லை. 1943 டிசம்பர் 5 அன்று கிதிர்ப்பூர்த் துறைமுகத்தில் பகலில் குண்டு வீசியது அவர்களது விமானங்கள்.

அப்படகுகளின் சிற்றுருக்களும் கொல்கத்தாவில் உண்டு. காங்குட்காச்சியில் அம்பேத்கர் பவனத்தில் 2014-இல் திறக்கப்பட்ட படகு அருங்காட்சியகத்தில், வங்காளத்தின் 46 வகைப் படகுகள் மரத்தில் செய்து வைக்கப்பட்டுள்ளன. படகு கட்டும் மரபில் வந்த ராஜ்பன்ஷிக் கைவினைஞர்கள் அவற்றைச் செய்தனர். பிளாஸ்டிக் பெட்டியோடு பழகியவர்கள் அங்கே ஒரு மணி நேரம் செலவிடவேண்டும். நாம் முதலில் எலும்புக்கூடு, பிறகு தோல் என்று எண்ணிப் பழகியவர்கள். வங்காளப் படகுத் தச்சர் முதலில் பலகைகளை ஒன்றோடொன்று இரும்புக் கவ்விகளால் பிணைத்து உடலை எழுப்பிவிட்டு, அதன் பிறகே உள்ளே விலாக் கட்டைகளைப் பொருத்துவார். பலகையின் வளைவு வரைபடத்தில் இல்லை; கையில் இருக்கிறது.